ஹாஜியார் வீட்டு ஜம்ஜம் தண்ணீர்: கிறிஸ்தவர்கள் குடிக்கலாமா?

முருங்கைமரத்து வீடு | சனி, இரவு 9.10

எங்கள் வீடு குலவணிகர்புரம் பக்கம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) சபை. பக்கத்து வீட்டுக்காரர் மேலப்பாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். போன வாரம் மனைவியோடு ஹஜ் முடித்துத் திரும்பினார். திங்கட்கிழமை காலை அந்த அம்மா ஓர் எவர்சில்வர் டப்பா நிறையப் பேரீச்சம்பழமும், கைக்கு அடக்கமான பாட்டிலில் ஜம்ஜம் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். பழத்தைப் பிள்ளைகள் அன்றைக்கே காலி செய்துவிட்டார்கள். தண்ணீர்தான் சிக்கல். என் அம்மா அதைக் குடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. ஃபிரிட்ஜ் கதவில், மோர் பாட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. யாரும் தெரியாமல் குடித்துவிடக் கூடாது என்று கழுத்தில் சிவப்பு நூல் வேறு கட்டி வைத்திருக்கிறார். இப்போது பார்த்தால்தான் மந்திரித்த தண்ணீர் போல இருக்கிறது.

"மக்காவில் பூசை செய்த தண்ணீரை நாம் குடிக்கலாமா, ஐயரிடம் கேட்டுச் சொல்" என்கிறார். எங்கள் ஐயர் மாற்றலாகிப் போய்விட்டார், புது ஐயர் இன்னும் வரவில்லை. (மற்ற ஊர்க்காரர்களுக்கு: திருநெல்வேலிப் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.) அதனால் இங்கே கேட்கிறேன்.

புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு ஹாஜியார் எங்கள் வீட்டுக்கு வந்து, "அறிந்தும் அறியாமலும் தவறு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

தேரிக்காடு | சனி, இரவு 9.48

குடிக்கக் கூடாது மகளே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "நீங்கள் கர்த்தருடைய பாத்திரத்திலும் பேய்களுடைய பாத்திரத்திலும் பானம்பண்ணக்கூடாதே." 1 கொரிந்தியர் 10:21. ஒரு கட்டடத்தை ஏழு முறை சுற்றுவது, கறுப்புக் கல்லை முத்தமிடுவது, சாத்தான் என்று சொல்லித் தூணில் கல்லெறிவது, இதெல்லாம் எந்தச் சுவிசேஷத்தில் இருக்கிறது? ஜெர்மன் மிஷனரி இரேனியுஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தபின் நம் முன்னோர் எத்தனை பேர் அடி வாங்கி, வீடிழந்து, இப்படிப்பட்ட சுற்றுதலையும் நேர்த்திக்கடனையும் விட்டு வெளியே வந்தார்கள்! பேரப்பிள்ளைகள் ஃபிரிட்ஜ் வழியாக உள்ளே போகக் கூடாது.

நெல்லை எக்ஸ்பிரஸ் | சனி, இரவு 9.55

தலைப்பைப் பார்த்துவிட்டு, பாட்டில் தண்ணீர் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று கேட்கிறீர்கள் என நினைத்தேன்.

மேலப்பாளையத்தான் | சனி, இரவு 11.20

சகோதரிக்கு முதலில் ஒரு திருத்தம். அது பூசை செய்த தண்ணீர் அல்ல. கிணற்றுத் தண்ணீர். ஹாஜிகள் சுற்றிவரும் காபாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 மீட்டர் தள்ளி இருக்கும் கிணறு, ஆழம் சுமார் 30 மீட்டர். ஊருக்குத் திரும்பும் ஒவ்வொரு ஹாஜிக்கும் ஐந்து லிட்டர் கேன் ஒன்று கிடைக்கும். வீடு வீடாகக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு மிடறுதான் வரும். உங்களுக்கு ஒரு பாட்டிலே வந்திருக்கிறது என்றால் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேரிக்காடு அண்ணாச்சிக்கு: கறுப்புக் கல்லைப் பற்றி எங்களுக்கே ஒரு கேள்வி இருந்தது. உமர் கலீஃபா அதன் முன்னால் நின்று, நீ வெறும் கல் என்று எனக்குத் தெரியும், உன்னால் நன்மையும் இல்லை தீமையும் இல்லை, நபியவர்கள் முத்தமிட்டதைப் பார்த்திராவிட்டால் நான் முத்தமிட்டிருக்க மாட்டேன் என்று சொன்னது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. கல்லை வணங்குகிறவன் அப்படிப் பேச மாட்டான்.

நான் 2019-ல் வாப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். ஹஜ்ஜில் அரஃபா மைதானத்தில் நின்ற நேரத்தைவிட எனக்கு மனத்தில் நிற்பது ஸயீதான். ஸஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுகளுக்கும் நடுவே ஏழு நடை. ஒரு நடை ஏறத்தாழ 450 மீட்டர் என்றால் மொத்தம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. இப்போது சலவைக்கல் தரை, குளிர்சாதனம் எல்லாம் உண்டு. நடுவில் ஓரிடத்தில் பச்சை விளக்கு எரியும். அங்கே ஆண்கள் மட்டும் சிறு ஓட்டமாக ஓட வேண்டும். இப்ராஹீம் நபியின் மனைவி ஹாஜரா அம்மையார், தாகத்தில் துடித்த பிள்ளைக்குத் தண்ணீர் தேடி ஓடிய இடம். ஒரு பெண் ஓடிய ஓட்டத்தை ஆண்கள் ஓடுகிறோம். பெண்கள் நடந்தால் போதும். வாப்பாவுக்கு அப்போது 68 வயது, முழங்கால் தேய்மானம். ஓட வேண்டாம் என்றேன். பச்சை விளக்கு வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு தோளை மட்டும் குலுக்கிக் குலுக்கி நடந்தார். கால் நடந்தது, தோள் ஓடியது. ஏழு தடவையும் அப்படித்தான்.

அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த தண்ணீர்தான் உங்கள் ஃபிரிட்ஜில் இருக்கிறது. குடிப்பதும் குடிக்காததும் உங்கள் இஷ்டம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கொட்டுவதாக இருந்தால் செடிக்கு ஊற்றுங்கள்.

ஊசிக்கோபுரம் | ஞாயிறு, பகல் 2.30

ஆராதனை முடித்து, சாப்பிட்டு, இப்போதுதான் படித்தேன். நான் ஓய்வு பெற்ற போதகன். ஐயரைத் தேடுகிற மகளுக்கு என் பதில்: குடிக்கலாம்.

தேரிக்காடு அண்ணாச்சி காட்டிய அதே அதிகாரத்தில் ஆறு வசனம் தள்ளிப் படியுங்கள். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால், மனச்சாட்சியினிமித்தம் ஒன்றையும் விசாரியாமல் முன் வைக்கப்படுகிற எதையும் புசிக்கலாம் என்கிறார் பவுல். விக்கிரகத்துக்குப் படைத்தது என்று தெரியவந்தால் மட்டும் வேண்டாம் என்கிறார். இந்தத் தண்ணீர் யாருக்கும் படைத்ததல்ல.

அடுத்தது ஆகார். பாய் சொன்ன ஹாஜராதான் நம் ஆகார். அந்தக் கதை நமக்கு அந்நியமானதா? ஆதியாகமம் 21. ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து அப்பத்தையும் ஒரு துருத்தித் தண்ணீரையும் அவள் தோளில் வைத்து அனுப்பிவிட்டான். தண்ணீர் தீர்ந்தது. பிள்ளை சாகிறதைப் பார்க்க மாட்டேன் என்று தூரமாய்ப் போய் உட்கார்ந்து அழுதாள். தேவன் அவளுடைய கண்களைத் திறந்தார், ஒரு தண்ணீர்த் துரவைக் கண்டாள். துரவு என்ற சொல்லைக் கவனியுங்கள். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அகராதி வேண்டும். தேரி மணலில் வளர்ந்தவர்களுக்கு வேண்டாம். செம்மண் தேரியில் அகலமாகத் தோண்டி, சரிந்து இறங்கித் தண்ணீர் மொண்டவர்கள் நாம். அவள் துரவைத் தோண்டவில்லை. இருந்ததைத்தான் கண்டாள்.

ஹஜ் என்ற சொல்லும் நமக்குத் தூரத்து உறவு. பழைய ஏற்பாட்டில் பண்டிகைக்கு எபிரெயச் சொல் 'ஹக்'. அரபியில் 'ஹஜ்'. இரண்டும் ஒரே வேர். வருஷத்தில் மூன்று முறை இஸ்ரவேலின் ஆண்மக்கள் கர்த்தருடைய சந்நிதிக்குப் போக வேண்டும் என்ற கட்டளை அதைப் பற்றியதுதான். இயேசு பன்னிரண்டு வயதில் எருசலேமில் காணாமற்போனது அப்படி ஒரு பயணத்தில்தான். 120 முதல் 134 வரை உள்ள ஆரோகண சங்கீதங்களும் மலையேறிப் போகிறவர்கள் பாடியவைதான்.

ஆனால் வித்தியாசத்தை மழுப்ப மாட்டேன். சமாரியப் பெண், இந்த மலையா எருசலேமா என்று கேட்டபோது, எங்கும் பிதாவைத் தொழுதுகொள்ளுங்காலம் வருகிறது என்று ஆண்டவர் பதில் சொன்னார். அதுவும் ஒரு கிணற்றடியில் நடந்த பேச்சுதான்! அன்றோடு நமக்குக் கடமையான திசையும் இல்லை, கடமையான ஊரும் இல்லை. அவர்களுக்கு ஹஜ் வசதியுள்ளவர்மேல் வாழ்நாளில் ஒருமுறை விழுந்த கடமை. அதை நிறைவேற்றியதால் பாவம் கழியும் என்பதை நான் ஏற்க முடியாது. சிலுவையில் கழிந்துவிட்டது என்பது என் விசுவாசம். இதை ஹாஜியாரிடமே சொல்லலாம். தண்ணீரைக் குடித்துக்கொண்டே சொல்லலாம்.

தேரிக்காடு | ஞாயிறு, மாலை 4.05

ஐயர் பூசி மெழுகுகிறார். ஆகார் அலைந்தது பெயெர்செபா வனாந்தரம், பிள்ளை வளர்ந்தது பாரான் வனாந்தரம். மக்கா என்று மோசே எழுதவில்லை. ஆபிரகாம் பலிக்குக் கொண்டுபோனது சாராளின் மகன் ஈசாக்கை. அதை ஆகாரின் மகன் இஸ்மவேல் என்று மாற்றி ஆண்டுதோறும் ஆடு அறுக்கிறார்கள். இதற்கு என்ன பதில்?

மேலப்பாளையத்தான் | ஞாயிறு, மாலை 4.40

குர்ஆனில் அந்த மகனின் பெயர் இல்லை அண்ணாச்சி. இஸ்மாயீல் நபி என்பது எங்களில் பெரும்பாலோர் நம்பிக்கை. தபரி போன்ற பெரிய விரிவுரையாளரே இஸ்ஹாக் (ஈசாக்கு) நபி என்ற பக்கம் நின்றிருக்கிறார். எங்களுக்குள்ளும் இந்தப் பேச்சு நடந்ததுதான்.

ஊசிக்கோபுரம் | ஞாயிறு, மாலை 5.15

ஈசாக்கு என்பதில் அண்ணாச்சியோடுதான் நிற்கிறேன். பெயெர்செபாவிலும் அப்படியே. ஆனால் ஆதியாகமம் 25:9-ஐயும் சேர்த்து வாசியுங்கள். ஆபிரகாம் இறந்தபோது மக்பேலா குகையில் அவனை அடக்கம்பண்ணியது யார்? ஈசாக்கும் இஸ்மவேலும். துரத்தப்பட்டவன் அப்பனை அடக்கம் செய்ய வந்திருக்கிறான். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எழுதப்படவில்லை.

மணப்பாட்டுக் கடலோரம் | ஞாயிறு, இரவு 8.20

சி.எஸ்.ஐ.க்காரர்கள் யாத்திரையே கூடாது என்று பேசுவதைக் கேட்க எங்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது. நாங்கள் ரோமன் கத்தோலிக்கர். செப்டம்பர் 14 திருச்சிலுவைத் திருவிழாவுக்கு மணப்பாட்டு மணல்மேட்டில் கால் வைக்க இடம் இருக்காது. சவேரியார் தங்கிய குகையில் இன்றும் ஊற்றுத் தண்ணீர் இருக்கிறது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் உப்பில்லாத தண்ணீர். அதை எல்லா மதத்தாரும் வாங்கிக் குடிக்கிறார்கள், யாரும் நூல் கட்டிவைப்பதில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களின் உள்ளங்காலைப் பார்த்தவர்களுக்கு, யாத்திரை ஏன் என்று கேட்கத் தோன்றாது.

அண்ணாச்சி, உங்கள் பக்கத்தில் நடப்பதையும் கேட்கிறேன். தமிழக அரசு 2011 முதல் கிறிஸ்தவர்களின் எருசலேம் பயணத்துக்கு உதவித்தொகை தருகிறது. பிறகு அது 37,000 ரூபாயாக உயர்ந்தது. வரிசையில் சி.எஸ்.ஐ.க்காரர்கள் இல்லையா? போய் வந்தவர்கள் யோர்தான் ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்து ஷோகேஸில் வைக்கவில்லையா? பாளையங்கோட்டைக் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளை 1894-ல் வெளியிட்ட காப்பியத்துக்கே இரட்சணிய யாத்திரிகம் என்றுதானே பெயர்?

நெல்லை எக்ஸ்பிரஸ் | ஞாயிறு, இரவு 8.31

ஹஜ்ஜுக்கும் அரசாங்கம்தானே பணம் கட்டுகிறது?

மேலப்பாளையத்தான் | ஞாயிறு, இரவு 8.50

இல்லை தம்பி. பத்து ஆண்டுக்குள் படிப்படியாக நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்புச் சொன்னது. மத்திய அரசு 2018-லேயே மானியத்தை நிறுத்திவிட்டது. கடன் இருந்தால் முதலில் கடனைத் தீர், பிறகு ஹஜ் என்பதுதான் எங்கள் சட்டம். சீட்டுப் போட்டு, நகையை விற்று, இருபது வருஷம் சேர்த்துப் போகிறவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

முருங்கைமரத்து வீடு | ஞாயிறு, இரவு 9.30

மணப்பாட்டு அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு எழுந்துபோய்ப் பார்த்தேன். எங்கள் ஷோகேஸில், என் பள்ளிக்கூடக் கோப்பைக்குப் பின்னால், பெரியம்மா கொண்டுவந்த யோர்தான் தண்ணீர் இருக்கிறது. அடியில் பாசி பிடித்திருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன். "அது வேறு" என்றார்.

இரவுப்பணி | திங்கள், அதிகாலை 3.40

நான் செவிலியர், சொந்த ஊர் நாசரேத் பக்கம். ஜித்தாவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம் ஊருக்கு வந்தேன். நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

2024 ஹஜ் நினைவிருக்கும். மக்காவில் வெயில் 51.8 டிகிரி. இறந்தவர்கள் 1,301 பேர் என்று சவூதி அரசே சொன்னது. அவர்களில் நூற்றுக்கு 83 பேர் முறையான அனுமதி இல்லாமல் போனவர்கள், அதாவது கூடாரமும் குளிர்சாதனப் பஸ்ஸும் கிடைக்காத ஏழைகள். ஹஜ் முடித்து ஜித்தாவுக்கு வந்த பிறகு மயங்கி விழுந்த சிலர் எங்கள் வார்டுக்கு வந்தார்கள். அதில் ஒரு பாட்டி. எந்த நாடு என்றுகூட முதலில் தெரியவில்லை. உடைமைப் பட்டியல் எழுதுவது என் வேலை. ஒரு கண்ணாடி, ஒரு தஸ்பீஹ் மாலை, ஒரு துணிச் சுருக்குப்பை. பைக்குள் கொண்டைக்கடலை அளவில் கற்கள். எண்ணினேன், 21. குப்பையா உடைமையா என்று தெரியாமல் கூட வேலை பார்த்த முஸ்லிம் சகோதரியைக் கேட்டேன். சாத்தான் தூண்களில் எறிவதற்கு முஸ்தலிஃபா என்ற இடத்தில் இரவில் ஆளுக்கு 70 கற்கள் பொறுக்குவார்கள், பிறை 12-லேயே தூண்கள் இருக்கும் மினாவை விட்டுப் புறப்படுகிறவர்களுக்கு 49 போதும், மீதி 21 என்றார். பட்டியலில் "கல் 21" என்று எழுதினேன். பாட்டி கண் விழித்ததும் பையைத் தடவிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதைச் சொல்லிவிட்டு மற்றதையும் சொல்ல வேண்டும். மக்கா செல்லும் நெடுஞ்சாலையில் முஸ்லிம்கள் மட்டும் என்று பலகை உண்டு. நாங்கள் தாயிஃப் போகும்போது அந்த இடத்தில் வேறு பாதையில் திரும்பிவிட வேண்டும். அந்த நாட்டில் ஒரு தேவாலயம் கிடையாது. கிறிஸ்துமஸ் இரவில் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு மெதுவாகப் பாடினோம். ஹஜ்ஜில் உடுத்தும் இஹ்ராம் உடையில் ராஜாவும் கொத்தனாரும் ஒன்று என்று சொல்கிறார்கள். உண்மைதான், அழகுதான். அந்தச் சமத்துவம் பலகையோடு நின்றுவிடுகிறதே என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன். பாய் கோபிக்க வேண்டாம்.

முருங்கைமரத்து வீட்டு அக்காவுக்கு ஒரு கேள்வி. அவர் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டபோது உங்கள் அம்மா என்ன சொன்னார்?

மேலப்பாளையத்தான் | திங்கள், காலை 6.15

கோபம் இல்லை சகோதரி. ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடியது படிக்க வருத்தமாக இருந்தது. மற்றவர்கள் நுழையக் கூடாத ஹரம் எல்லை எங்கள் மார்க்கச் சட்டம், அதை நான் மாற்ற முடியாது. திரையை இழுத்துவிட வைத்தது அரசாங்கம். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஊசிக்கோபுரம் | திங்கள், காலை 10.00

எருசலேம் தேவாலயத்திலும் அப்படி ஒரு பலகை இருந்தது. பிற இனத்தார் இந்தத் தடுப்பைத் தாண்டினால் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் வெட்டிய கல். 1871-ல் முழுதாகக் கிடைத்தது, இப்போது இஸ்தான்புல்லில் இருக்கிறது. கிரேக்கனை உள்ளே கூட்டிவந்தான் என்றுதான் பவுலைப் பிடித்தார்கள். அவர்தான் எபேசியருக்கு எழுதும்போது, கிறிஸ்து பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்தார் என்கிறார். நாம் தகர்த்தோமா என்பது வேறு கதை. ஒரே ஊரில் சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற திருநெல்வேலிக் கிறிஸ்தவன், மக்காவின் பலகையைப் பற்றிக் கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் பேச வேண்டும்.

முருங்கைமரத்து வீடு | திங்கள், இரவு 10.10

இரவுப்பணித் தங்கையின் கேள்விக்குக் காலையிலேயே பதில் எழுதி அழித்துவிட்டேன். ஐயர் நடுச்சுவர் என்று எழுதியபிறகு மறைக்க முடியவில்லை.

எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன்பு அவர்கள் புதிதாக எடுத்துக் கட்டியது. எங்கள் முருங்கை அவர்கள் பக்கம் சாய்ந்து, கம்பளிப்பூச்சி அவர்கள் துணி காயப்போடும் கொடியில் இறங்கியது. கிளையை வெட்டச் சொன்னார்கள். அப்பா வெட்டவில்லை. சண்டை முற்றி, அவர்கள் சுவர் எடுத்தபோது நீளவாக்கில் எங்கள் பக்கம் அரை அடி வந்துவிட்டது. அப்பா டேப் பிடித்து அளந்து ஒரு நோட்டில் எழுதிவைத்தார். கோர்ட்டுக்குப் போகவில்லை. அடுத்த வருஷம் இறந்துபோனார். அம்மா அன்றிலிருந்து அந்த வீட்டு அம்மாவோடு பேசியதில்லை.

ஹாஜியார் வந்த அன்று பொதுவாகத்தான் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார் என முதலில் எழுதினேன். அது பாதி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "சுவர் அரை அடி உங்கள் இடத்தில் இருக்கிறது. சார் இருக்கும்போதே கேட்டிருக்க வேண்டும். இடித்துக் கட்டித் தரட்டுமா, இடத்துக்குப் பணம் தரட்டுமா? இதை வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்க முடியாது" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அவர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, போய்விட்டார். பதில் இல்லாமலே ஹஜ்ஜுக்குப் போய் வந்திருக்கிறார்.

தேரிக்காடு | திங்கள், இரவு 10.45

தண்ணீரைப் பற்றி நான் சொன்னதை மாற்றவில்லை. ஆனால் மகளே, இது தண்ணீர் வழக்கு இல்லை. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்பது மத்தேயு 5. நாற்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் இதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தவன் நான். எவனாவது ஒருவன் திருவிருந்துக்கு முன்பு எழுந்து போய்ப் பங்காளி வீட்டுக் கதவைத் தட்டினான் என்று கேள்விப்பட்டதில்லை. நானும் தட்டியதில்லை; என் தம்பியோடு ஒரு பனங்காட்டு வரப்பு வழக்கு இன்னும் இருக்கிறது. அந்த மனிதர் தட்டியிருக்கிறார். அம்மாவிடம் சொல்லுங்கள், அவருக்குப் பதில் பாக்கி இருக்கிறது.

மணப்பாட்டுக் கடலோரம் | திங்கள், இரவு 11.02

அண்ணாச்சி!

முருங்கைமரத்து வீடு | வியாழன், இரவு 8.40

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். அண்ணாச்சி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "யார் அந்த ஆள், எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் பேச்சில்லை.

இன்று மதியம் அந்த எவர்சில்வர் டப்பாவைக் கழுவித் துடைத்தார். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதே. உடன்குடிக் கருப்பட்டி ஆறு வட்டு எடுத்து அடுக்கினார். பிறகு "அந்த அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். கருப்பட்டியை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் சமையலறையில் நின்றுகொண்டே இருந்தார். வெயில் தாழ்ந்ததும் துறட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். முருங்கைக்காய் டப்பாவுக்குள் நிற்காது என்பதால் ஒடித்து ஒடித்துப் போட்டார்.

போய் முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, "சுவர் இருக்கட்டும் என்றேன். அவள் மருமகளுக்கு ஏழு மாதமாம்" என்றார். அவ்வளவுதான். பாட்டில் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது, நூலும் இருக்கிறது.

தேரிக்காடு | வியாழன், இரவு 9.05

மழைக்கு முன்பே வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து முருங்கைக்கு அடிக்கச் சொல்லுங்கள். கம்பளிப்பூச்சி ஏறாது.